கேக்கிறவன் கேணையன் எண்டால் லீற்றருக்கு 2 கிலோமீற்றர் கூடுமாம்

பழைய நொசில்:
நேற்று ஒரு வட்சப் குழுவில வந்த பொன்மொழி: "டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 ரெவோ டபுள் கப்புக்கு டியூனர் பூட்டினால் லீற்றருக்கு 2 கிலோமீற்றர் கூட ஓடும், நாலு மாசத்தில பூட்டின காசு திரும்பி வரும்." கீழ வரிசையாக் கைதட்டல். எப்பிடி அளந்தனீங்கள் எண்டு கேக்க ஒருதருக்கும் வாயில்லை.

டாஷ்போட்டில காட்டுற சராசரியைப் பாத்திருக்கினம், வேறென்ன. ரெயில் எண்டது இன்ஜெக்டருகளுக்குப் பிரெஷரோட டீசல் குடுக்கிற குழாய். அந்த ரெயில் சென்சருக்கும் எஞ்சின் கம்பியூட்டருக்கும் நடுவில பூட்டுற டியூனர்ப் பெட்டிக்கு ஒரே வேலைதான். ரெயிலில 1,500 பார் இருக்கேக்கை 1,350 எண்டு குறைச்சுச் சொல்லும். கம்பியூட்டர் அதை நம்பிப் பிரெஷரைக் கூட்டும். டீசல் கணக்கையும் அந்த 1,350ஐ வைச்சே போடும். நொசிலால போற அளவு பிரெஷரின்ரை வர்க்கமூலத்தோட கூடும், அதாவது 5 வீதத்துக்குச் சற்று மேல கணக்கில வராமலே எரியுது. மீற்றர் 12 எண்டு காட்டினால் உண்மை 11.4. இதுக்குத்தான் ஊரெல்லாம் தம்பட்டம்.

ரெவோ_ராசா:
அந்தப் பதிவு போட்டது நான்தான் அண்ணை. முதுகுக்குப் பின்னால குத்தாமல் நேர கேட்டிருக்கலாம்.

2 கிலோமீற்றர் கூடினது கூடினதுதான். உங்கடை 5 வீதப் பொய்யை ஒத்துக்கொண்டாலும், 11இல இருந்து 13 எண்டால் 18 வீதம். மிச்சம் 13 வீதம் வானத்தில இருந்து விழுந்ததோ? கம்பனியே 2020இல அதே 2.8ஐ 177 குதிரையில இருந்து 204க்குக் கொண்டுவந்தது, 450 நியூட்டன் மீற்றர் 500 ஆச்சு. எஞ்சினுக்குள்ள இடம் கிடக்கு எண்டுதானே அர்த்தம்?

பழைய நொசில்:
கம்பனி டர்போவைப் பெரிசாக்கிப் பால் பெயறிங் போட்டது, பிளொக்கை உறுதியாக்கினது, டீசல் சிஸ்டத்தையும் மாத்தினது. நீர் மாத்தினது மூண்டு பிளக். ரெண்டும் ஒண்டோ?

13 வீதம் உம்மடை காலில இருந்து வந்தது. புதுசா ஒண்டு பூட்டினவன் முதல் கிழமை முட்டைக்கு மேல மிதிக்கிற மாதிரித்தான் ஓடுவான். டேங்க் முட்ட அடிச்சு அளந்தீரோ இல்லையோ, அதை மட்டும் சொல்லும்.

ரெவோ_ராசா:
முதல்ல இந்த "நீர்", "உம்மடை"யை விடுங்கோ. நான் உங்களை மரியாதையாத்தான் கதைக்கிறன்.

அளந்ததுதான். கிளிநொச்சியில முட்ட அடிச்சு, வவுனியா போய்த் திரும்பி, அதே பம்மில அடிச்சது. 2 கிலோமீற்றர்.

பழைய நொசில்:
சரி, நீங்கள். போகவர 150 சொச்சம். டீசல் நுரைக்கிற சாமான். முதல் "டக்"கோட விடுறதுக்கும், நுரை அடங்க விட்டுத் திருப்பி அடிக்கிறதுக்கும் இடையில ரெண்டு லீற்றர் வித்தியாசம் வரும். 150ஐ 13.6ஆல பிரியுங்கோ, 11. இப்ப 11.6ஆல பிரியுங்கோ, 13 வரும். உங்கடை 2 கிலோமீற்றர் முழுக்க அந்த நுரைக்குள்ள கிடக்கு.

அளக்கிற முறை இதுதான். 80 லீற்றர் டேங்கில 60 லீற்றராவது எரியோணும். அதே பம், அதே குழாய், வண்டி அதே சரிவில நிக்கோணும். பாரத்தை நிறுத்து எழுதோணும். மூண்டு தரம் எடுக்கோணும், பிறகு பெட்டியைக் கழட்டிப்போட்டு மூண்டு தரம்.

முத்தையன்கட்டு டிமாக்ஸ்:
இடையில புகுறதுக்கு மன்னிக்கவும். ராசா தம்பி, டயர் என்ன அளவு போட்டிருக்கிறீர்? 265/65 ஆர்17 இருந்த இடத்தில 265/70 போட்டால் சுற்றளவு 3.4 வீதம் கூடும். மீற்றரில 100 விழேக்கை வண்டி 103.4 ஓடியிருக்கும். அதையும் கணக்கில எடுக்கோணும்.

மற்றது, இசுசு டிமாக்ஸ் 3.0 வைச்சிருக்கிறவனுக்கு இந்தப் பெட்டிச் சீரழிவே தேவையில்லை எண்டதையும் சொல்லி வைக்கிறன்.

ரெவோ_ராசா:
டயரைப் பற்றி ஆர் கேட்டது? மீற்றர் குறைச்சுக் காட்டுது எண்டால் என்ரை 2 கிலோமீற்றர் இன்னும் கூடுமே தவிரக் குறையாது!

பழைய நொசில்:
டயர் மாறினது பெட்டிக்கு முந்தியோ பிந்தியோ எண்டு சொல்லாமல் கூடும் குறையும் எண்டு கதைக்கிறது என்ன கணக்கு? டிமாக்ஸ் ஐயா, வண்டிப் பெருமையை ஒருக்கா ஓரமா வையுங்கோ. அரிவி வெட்டு நேரம் உங்கடை ரேடியேட்டரிலயும் பதர்தான் அப்பும்.

முத்தையன்கட்டு டிமாக்ஸ்:
அப்பினால் ஒரு வாளி தண்ணியோட கழுவலாம். 2012க்குப் பிந்திய டிமாக்ஸுக்கு, டர்போக் காத்தை ஆத்துற இன்ரகூலர் முன்னுக்கு. உங்கடை ஹைலக்ஸுக்கு எஞ்சினுக்கு மேல, பொனட் ஓட்டையால காத்து வரோணும். வயல் வரம்பில 10, 15இல ஊரேக்கை காத்து எங்கை? கீழ எஞ்சின் சூடு, மேல வன்னி வெயில். அதுக்கை பெட்டியும் பூட்டி டர்போவை முறுக்கிறியள்.

குளத்தடி:
ஒரு சின்னச் சந்தேகம். டியூனர் எண்டு நீங்கள் பெட்டியைச் சொல்லுறியளோ, லப்டொப்போட வாற ஆளைச் சொல்லுறியளோ? நெல்லு மூட்டை ஏத்திற வண்டி ஒண்டுக்கு எது நல்லம் எண்டு அறியத்தான் வந்தனான்.

லப்டொப்_தம்பி:
பெட்டி எல்லாம் குப்பை ப்ரோ. ரீமப்தான், அதாவது எஞ்சின் கம்பியூட்டரில இருக்கிற புரோகிராமையே மாத்தி எழுதுறது. பெட்டிக்குத் தெரிஞ்சது பிரெஷர் மட்டும். ரீமப்பில டோர்க் லிமிற், புகை லிமிற், பூஸ்ற், டைமிங், எல்லாத்தையும் ஒண்டுக்கொண்டு பொருந்தத் தொடலாம். 2 கிலோமீற்றர் கொஞ்சம் ஓவர்தான், ஆனா ரீமப்பில ஒண்டரை வரும். பழைய காலத்து ஆக்களுக்கு இது விளங்காது.

பழைய நொசில்:
வந்திட்டார் துரை. புகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆரைத் தகடு வைச்சு அடைச்சால் லைற் எரியாது எண்டு போன மாரிக்குச் சத்தியம் பண்ணினவர் நீர்தானே? ஈஜிஆர் ஓட்டம் காணாது எண்டு பி0401 கோட் விழும் எண்டு அண்டைக்கே சொன்னனான். அதுக்கு இண்டுவரை பதில் இல்லை. இப்ப ஒண்டரையாம்.

குளத்தடி, உங்களுக்குச் சொல்லுறன். பெட்டியோ ஆளோ, முதல்ல இன்ஜெக்டர். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில விட்டு, ஸ்கானரில ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்பியூட்டர் கூட்டிக் குறைக்கிற டீசல் திருத்த அளவைப் பாருங்கோ. கூட்டல் கழித்தல் 3 கன மில்லிமீற்றருக்குள்ள நிக்கோணும். 5ஐத் தாண்டினது ஒண்டு இருந்தால் டியூனிங் கதையை அதோட விடுங்கோ. டொயோட்டாவின்ரை பழைய 3.0 டி4டி டீசல் எஞ்சின் எண்டால் இன்ஜெக்டருக்குக் கீழ இருக்கிற செப்பு வாசரையும் மாத்துங்கோ. அது கசிஞ்சால் கரி ஒயிலுக்குள்ள இறங்கி, சம்பில, அதான் ஒயில் நிக்கிற தட்டில, இருக்கிற வடியை அடைக்கும். எஞ்சின் ஒயில் இல்லாமல் கடிக்கேக்கை பழி டியூனிங்கில விழும்.

ரெண்டாவது, எக்ஸோஸ்ற் சூடு. சூடு அளக்கிற கே வகை புறோப் ஒண்டு, டர்போவுக்கு முன்னுக்கு, மனிபோல்ட்டில. மனிபோல்ட்டைக் கழட்டித் துளையுங்கோ. வண்டியில வைச்சே துளைச்சால் இரும்புத் தூள் நேர டர்போ விசிறிக்குள்ள. டர்போவுக்குப் பின்னால பூட்டினால் பாரத்தில 100, 150 பாகை குறைச்சுக் காட்டும், சந்தோசமா ஓடி ஓடிப் பிஸ்டனை உருக்கலாம். மூட்டை ஏத்தி இழுக்கேக்கை 700 பாகையைத் தாண்டி நிண்டால் டீசல் கூடிப்போச்சு, காத்து காணாது. கறுப்புப் புகையும் அதுதான். புகை வந்தால் சத்தி வருகுது எண்டு நினைக்கிற கூட்டமும் இருக்கு.

மூண்டாவது, ஆளைத் தெரியிற விதம். கம்பியூட்டரில இருக்கிற பழைய பைலை முழுக்க வாசிச்சு உங்கடை பென்டிரைவில தாறானோ எண்டு கேளுங்கோ. தரமாட்டன் எண்டால் எழும்பி வாங்கோ. எழுதேக்கை பற்றரிக்கு சார்ஜர் கொழுவி 13 வோல்ற்றில பிடிக்கிறானோ எண்டு பாருங்கோ. நடுவில வோல்ற் விழுந்தால் கம்பியூட்டர் கல்லாப்போகும். எழுதின பிறகு பாரத்தோட ஓடி, கேட்ட ரெயில் பிரெஷரும் வந்த பிரெஷரும் ஒண்டாப் போகுதோ எண்டு வரைபடம் காட்டோணும். வந்தது பின்னுக்கு நிண்டால் பில்டர், இல்லாட்டிப் பம்மில டீசல் அளவைக் கட்டுப்படுத்துற எஸ்சிவி வால்வு. அதைத் திருத்தாமல் மேல கூட்டினால் ரெயில் பிரெஷர் காணாது எண்டு பி0087 கோட் விழும். பெட்டியைக் கண்டபடி கூட்டினால் மற்றப் பக்கம், ரெயில் வால்வு திறந்து வண்டி நடு றோட்டில ஊரும். பரல் டீசல் அடிக்கிற வண்டிக்கு 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்காப் பில்டர்.

லப்டொப்_தம்பி:
இவ்வளவும் எழுதினீங்கள், ரீமப்பில ஒண்டரை வராது எண்டதுக்கு ஒரு காரணம் எழுதேல்லை. சார்ஜர், பைல், வரைபட லொக், எல்லாம் ஒழுங்கா வேலை செய்யிறவன் செய்யிறதுதான். நீங்கள் கண்டுபிடிச்ச மாதிரிக் கதைக்க வேண்டாம்.

ரெவோ_ராசா:
தம்பி, ரீமப்பில ஒண்டரை, பெட்டியில 2. அதை முதல்ல எழுதுங்கோ.

நொசில் அண்ணைக்கு ஒரு கேள்வி. 70, 80இல வெறும் வண்டி ஓடேக்கை பெட்டி பிரெஷரைத் தொடுறதே இல்லை. பாரம் ஏறினால்தான் அதுக்கு வேலை. அப்ப ஓட்டத்தில மீற்றர் எப்பிடிப் பொய் சொல்லும்? உங்கடை வர்க்கமூலம் எல்லாம் காத்தில போச்சு.

பழைய நொசில்:
நன்றி ராசா. ஓட்டத்தில ஒண்டும் செய்யாத பெட்டி ஓட்டத்தில 2 கிலோமீற்றர் எப்பிடிக் கூட்டினது?

ரெவோ_ராசா:
கியர். முந்தி அஞ்சுக்கு இறக்கிற இடத்தில இப்ப ஆறிலயே இழுக்குது. ஆர்பிஎம் விழுந்தால் டீசல் விழும். இது கூடத் தெரியாதோ?

பழைய நொசில்:
ஏ9 மேசை மாதிரிக் கிடக்கு. முறிகண்டியில தேங்காய் உடைக்க நிப்பாட்டுறதை விட்டால் ஆறில இருந்து இறக்க என்ன மலை ஏறுறியள்? கண்டிக்கு ஏறேக்கை சொல்லுங்கோ, நம்புறன்.

முத்தையன்கட்டு டிமாக்ஸ்:
டயர் அளவு இன்னும் வரேல்லை.

குளத்தடி:
எஸ்சிவி வால்வை மட்டும் தனியா மாத்தலாமோ, பம்மையே இறக்கோணுமோ?

லப்டொப்_தம்பி:
தனியா மாத்தலாம் ப்ரோ. ரெண்டு போல்ற்தான். சுத்தி நல்லாக் கழுவிப்போட்டுக் கழட்டுங்கோ, ஒரு மண் துகள் உள்ள போனாலும் பம் போகும். பிறகு ஸ்கானரில பம் லேர்னிங்கை, அதாவது கம்பியூட்டர் பழைய வால்வுக்குப் பழகி வைச்ச அளவை, றீசெற் பண்ணோணும்.

பழைய நொசில்:
பரவாயில்லை, ஒண்டாவது சரியாச் சொன்னார். ஓறிங்குக்கு டீசல் தடவிப் போடச் சொல்ல மறந்திட்டார்.

லப்டொப்_தம்பி:
மறக்கேல்லை. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ரெவோ_ராசா:
2 கிலோமீற்றர். டேங்கோட அளந்தது. நம்பாதவன் நம்பாமல் இருக்கலாம்.

பழைய நொசில்:
60 லீற்றர் எரிச்சு, பெட்டி கழட்டி, மூண்டு தரம். பில்லைப் படம் எடுத்துப் போடுங்கோ.

முத்தையன்கட்டு டிமாக்ஸ்:
டயரையும் ஒரு படம்.