தினமும் ஆபீஸ் போக வேண்டும், ட்ரெய்லரும் இழுக்க வேண்டும்: எந்த பிக்கப் வாங்கலாம்?

கொங்குக்காரன்:
வணக்கம் மக்களே. டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். இருந்த செடானைக் கொடுத்துவிட்டு முதல்முறையாக பிக்கப் வாங்கலாம் என்று இருக்கிறேன். உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியோடு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் 23 அடி ட்ராவல் ட்ரெய்லர் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். காலியாக 4,600 பவுண்டு, முழுச் சுமையோடு போகக்கூடிய உச்ச எடை 6,000 பவுண்டு என்று அதன் பலகையில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு, கோடையில் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்தால் ஆறு பேர். வருடத்துக்கு 12,000 மைல் ஓடும், அதில் ட்ரெய்லரோடு ஒரு 3,000 மைல் இருக்கலாம், மீதியெல்லாம் ஆபீஸ், காஸ்ட்கோ, பிள்ளைகளின் வகுப்பு. அடுத்த கோடையில் கொலராடோ போகிற யோசனையும் இருக்கிறது.

மனதில் இருப்பவை ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட், செவ்ரலே சில்வராடோ 1500 டீசல், அப்புறம் மைலேஜைப் பார்த்து ஆசைப்பட்ட ஃபோர்டின் சின்ன பிக்கப் மேவரிக் ஹைபிரிட். டீலர் கடையில் கேட்டால் எதைக் காட்டினாலும் "இது 13,000 பவுண்டு இழுக்கும் சார், உங்கள் ட்ரெய்லர் ஒன்றுமே இல்லை" என்கிறார்கள். நம்பலாமா? பெட்ரோல் செலவும் கையைக் கடிக்கக் கூடாது.

சிகாகோசிங்கம்:
மேவரிக்கை இப்போதே அடித்துவிடுங்கள். நகரத்துக்குள் கேலனுக்கு 40 மைலை ஒட்டிக் கொடுக்கிற அருமையான வண்டிதான், ஆனால் ஹைபிரிடின் இழுவை 2,000 பவுண்டு, இழுவை பேக்கேஜ் போட்ட மாடலில்கூட 4,000. உங்கள் ட்ரெய்லர் காலியாக நின்றாலே அதைத் தாண்டிவிடுகிறது.

சங்ககிரிலாரி:
தம்பி, அந்த 13,000 பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த எண்ணை எஸ்.ஏ.ஈ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற முறைப்படி எடுக்கிறார்கள். கடுமையான சோதனைதான், அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கத்து ஏற்றத்தில் ஏ.சி.யை முழுசாகப் போட்டு 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். ஆனால் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்டில் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும்தான். உங்கள் வீட்டு ஆறு பேர் அந்தக் கணக்கில் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். மஞ்சள் நிறம் கலந்திருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கும். அதுதான் பேலோட். ஒரே மாடலாக இருந்தாலும் வண்டிக்கு வண்டி மாறும், சன்ரூஃப், தோல் சீட், பெரிய சக்கரம் என்று ஏற ஏற அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். டேங்க் நிறைய எரிபொருள் ஏற்கெனவே அதில் கழிந்துவிட்டது, அந்த மட்டும் நிம்மதி.

இப்போது உங்கள் சுமையைக் கூட்டுங்கள். ட்ராவல் ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் (வண்டியோடு இணைக்கும் கொக்கி) மேல் அமுக்கும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் ஆட்டம் போடும், அது பேராபத்து. 6,000 பவுண்டுக்கு நடுவாந்தரமாக 750 வையுங்கள். எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் கட்டாயம் போட வேண்டும், அது ஒரு 90. பெரியவர்கள் நால்வர் 620, பிள்ளைகள் 140. பின்தட்டில் கூலர், அடுப்பு, நாற்காலிகள், விறகு, அம்மா வந்தால் கூடவே வரும் டேபிள் டாப் கிரைண்டர் எல்லாம் சேர்த்து 200. ஆக 1,800 பவுண்டு. மேல் டிரிம் (வசதிகள் கூடிய வகை) ஹைபிரிட்களில் ஸ்டிக்கரில் 1,400 சொச்சம்தான் பார்த்திருக்கிறேன். 12,000 பவுண்டு இழுக்கும் வண்டி உங்கள் 6,000 பவுண்டு ட்ரெய்லருக்கே திணறுவது இப்படித்தான்.

இன்னொன்று, ஆறு பேர் என்றால் முன்சீட் பெஞ்சாக இருக்க வேண்டும். மேல் டிரிம்களில் நடுவில் கன்சோல் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஐந்து பேரோடு சரி.

அப்புறம் மைலேஜ். ஜன்னலில் ஒட்டியிருக்கும் ஈ.பி.ஏ. எண், அதாவது அரசாங்க மைலேஜ் எண், ட்ரெய்லர் இல்லாமல் எடுத்தது. எட்டடி அகலம், பத்தடி உயரத்தில் ஒரு சுவரை முதுகில் கட்டிக்கொண்டு 65 மைலில் போகும்போது என்ஜின் எடையோடு போராடுவதைவிடக் காற்றோடுதான் அதிகம் போராடுகிறது. அந்த நிலையில் ஹைபிரிட், டர்போ, வி8 எல்லாமே கேலனுக்கு 9 மைல் பக்கம் வந்து நின்றுவிடும், டீசல் மட்டும் 12 தரும். நெடுஞ்சாலையில் பிரேக்கே போடாதபோது ஹைபிரிட் பேட்டரிக்கு என்ன வேலை?

உங்கள் எண்களை வைத்தே போட்டேன், ட்ரெய்லர் இல்லாமல் 9,000, ட்ரெய்லரோடு 3,000. எஃப்-150 2.7 எக்கோபூஸ்ட் (ஃபோர்டின் டர்போ பெட்ரோல் என்ஜின்) சுமார் 22 தந்தால் 409ம் 333ம் சேர்ந்து 742 கேலன். ஹைபிரிட் 25 தந்தால் 693. சில்வராடோ 3.0 டீசல் 26ம் 12ம் தந்தால் 596. ஹைபிரிடுக்கும் 2.7க்கும் வருடம் 50 கேலன்கூட வித்தியாசம் இல்லை, அதற்கு வண்டி விலையில் எவ்வளவு கூடக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

டீசல்பிரியன்:
அண்ணன் கணக்கு சரி. நான் ஓட்டுவது அந்த சில்வராடோ 3.0 டீசல்தான், டியூராமேக்ஸ் என்பார்கள், அதனால் டீசல் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். இழுக்கும்போது சத்தமே இல்லாமல் குறைந்த ஆர்.பி.எம்.மில் போகும், பழகிவிட்டால் பெட்ரோல் வண்டிக்குத் திரும்ப மனசு வராது. ஆனால் கேலன் விலை பெரும்பாலும் பெட்ரோலைவிட அதிகம், புகையின் நச்சைக் குறைக்கும் டெஃப் திரவம் தனியாக ஊற்ற வேண்டும், இழுவையில் அது வேகமாகக் குறையும். தினமும் இரண்டு மைல் போய் அணைக்கிறவர்கள் இதை வாங்கவே கூடாது, புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். பழைய வண்டியாகப் பார்த்தால் ஒரு விஷயம்: முதலில் வந்த 3.0 என்ஜின்களில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டை 150,000 மைலில் மாற்றச் சொல்கிறார்கள். அது என்ஜினின் பின்பக்கம் இருக்கிறது, கியர்பாக்ஸை இறக்கித்தான் கை வைக்க முடியும். 140,000 மைல் ஓடிய வண்டி மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

ஹூஸ்டன்_மீனா:
யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். 23 அடி ட்ரெய்லர் கட்டாயம் வேண்டுமா? 3,500 பவுண்டுக்குள் ஒன்று எடுத்தால் பெட்ரோல் டொயோட்டா ஹைலேண்டர் எஸ்யூவியே 5,000 வரை இழுக்கும், தினசரி மைலேஜும் பிக்கப்பைவிட நன்றாக இருக்கும், வயதானவர்கள் ஏறி இறங்கவும் சுலபம். எங்கள் மாமியாருக்கு முட்டி வலி, பிக்கப்பில் ஏற்றுவது ஒவ்வொரு முறையும் ஒரு திருவிழா. பிக்கப்தான் என்றால் பக்கவாட்டுப் படி கட்டாயம் போடுங்கள், ஆனால் அந்தப் படியும் பேலோடில்தான் கழியும்.

கொங்குக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மீனா அக்கா, ட்ரெய்லரில் வீட்டம்மா ஏற்கெனவே எந்தக் கட்டில் யாருக்கு என்று பங்கு பிரித்துவிட்டார், இனி மாற்ற முடியாது.

நேற்று டீலர் கடையில் கதவு கதவாகத் திறந்து பார்த்தேன், விற்பனைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஹைபிரிட், சன்ரூஃபோடு, 1,390. சில்வராடோ டீசல் 1,640. எஃப்-150 எக்ஸ்எல்டி 4x2, 2.7 என்ஜின், பெஞ்ச் சீட், 1,790. அதே எக்ஸ்எல்டி 3.5 எக்கோபூஸ்டில் 1,850. எந்த டிரிம் பளபளக்கிறதோ அதில் சுமை ஏற்ற முடியாது என்பது வேடிக்கையாக இருக்கிறது. 2.7 போதுமா, 3.5 வேண்டுமா? கொலராடோ ஏற்றத்துக்கு வி8 நல்லது என்று ஆபீஸில் ஒருவர் சொல்கிறார். நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 வேண்டுமா?

சங்ககிரிலாரி:
மலைக்கு வி8 என்பது டர்போ வராத காலத்துப் பேச்சு. கொலராடோ போகும் வழியில் இருக்கும் ரேட்டன் கணவாய் 7,834 அடி. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும், அங்கே போய்ச் சேரும்போது கால்வாசி போயிருக்கும். டர்போவுக்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. 2.7க்கு 400 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை), 3.5க்கு 500. உங்கள் 6,000 பவுண்டுக்கு 2.7 தாராளம், வருடாவருடம் கொலராடோ என்றால் மட்டும் 3.5. இழுவை பேக்கேஜோடு, ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரோடு வரும் வண்டியாக எடுங்கள். பின் அச்சின் கியர் விகிதம் 3.55 அல்லது 3.73 இருக்கட்டும், எண் கூடினால் இழுவை கூடும், மைலேஜுக்காகப் போடும் 3.31 வேண்டாம்.

1,800க்கு 1,790 என்று பயப்பட வேண்டாம். பின்தட்டுச் சாமானை ட்ரெய்லருக்குள் அதன் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள், ட்ரெய்லரின் 6,000 பவுண்டு உச்சத்தைத் தாண்டாத வரைக்கும். பின்கோடியில் மட்டும் கனத்தை ஏற்றாதீர்கள், ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கும். தண்ணீர்த் தொட்டியை முகாமுக்குப் போய் நிரப்புங்கள், ஒரு கேலன் 8.3 பவுண்டு.

ஹூஸ்டன்_மீனா:
எல்லாவற்றையும் ஏற்றி, ஆறு பேரும் உட்கார்ந்து, ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒருமுறை ஏறுங்கள். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் என்று மூன்றாகப் பிரித்துச் சீட்டு தருவார்கள். வெளியூர் கிளம்பும் காலையில் அல்ல, அதற்கு முந்தைய வாரம், அப்போதுதான் மாற்ற நேரம் இருக்கும். ட்ரெய்லர் டயரின் வேக வரம்பையும் பாருங்கள், பலவற்றுக்கு 65 மைல்தான். நாங்கள் 62ல் போவோம், எல்லோரும் முந்திக்கொண்டு போகட்டும், பெட்ரோலும் மிச்சம்.

டீசல்பிரியன்:
டேங்க் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். 23 கேலன் டேங்கில் கேலனுக்கு 9 மைல் என்றால் 180 மைலுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், அமரில்லோவைத் தாண்டினால் ட்ரெய்லரோடு உள்ளே நுழைந்து திரும்ப வசதியான பங்க் எல்லா ஊரிலும் இருக்காது. எஃப்-150க்கு 36 கேலன் டேங்க் உண்டு, அது இருக்கிற வண்டியாகத் தேடுங்கள், ஆனால் கூடுதல் பெட்ரோலின் எடை பேலோடில் கழியும், ஸ்டிக்கரை மறுபடி பாருங்கள். 4x4 உங்களுக்கு வேண்டாம். அந்த எடையும் பேலோடில்தான் கழியும், மைலேஜும் ஒன்று குறையும், பனிக்காலத்தில் ட்ரெய்லர் எப்படியும் வீட்டில்தான் நிற்கப் போகிறது.