டிஜிட்டல் கேமராவில் கறுப்பு வெள்ளை: உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு படம்

தறிநிழல்:
காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில், கேமராவை மோனோகுரோம் ஜேபெக்கில், அதாவது கேமராவே கறுப்பு வெள்ளையாக்கிச் சேமிக்கும் கோப்பில், வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தறியில் இலைப்பச்சை உடலும் மிளகாய்ப்பழச் சிவப்புக் கரையுமாக ஒரு கோர்வைச் சேலை, உடலையும் கரையையும் தறியிலேயே கோத்து இணைக்கும் வகை, வளர்ந்துகொண்டிருந்தது. கரைக்குத் தனி நாடா, அதை வீசத் துணைக்கு இன்னொரு ஆள் என்று அந்த வேலையின் அருமை உங்களுக்குத் தெரியும். நெய்துகொண்டிருந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கரை எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். கரை உண்மையிலேயே இல்லை. பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகி, நடுவில் ஜரிகைக் கோடு மட்டும் நின்றது. அவர் கைத்திறன் முழுவதும் இருந்த அந்த இணைப்பு படத்தில் இல்லாமல் போனதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

கடலோரன்:
எனக்கு நேர்ந்தது இதைவிடக் கடினமானது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதியரை, ஃபுஜி கேமராவின் அக்ரோஸ் என்னும் கறுப்பு வெள்ளை அமைப்பில், சிவப்புக் கண்ணாடியின் விளைவைத் தரும் சிவப்பு ஃபில்டரைத் தேர்ந்து எடுத்தேன். வானம் கருத்து, கோபுரம் செதுக்கியது போல் எழுந்து நின்றது. ஆனால் அந்த அம்மாவின் குங்குமச் சிவப்புச் சேலை வெளுத்துவிட்டது. நெற்றிப் பொட்டும் தோலோடு கலந்து மறைந்துவிட்டது. கணவர் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதை அழிச்சிடுங்க தம்பி" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

படித்துறை:
தறிநிழல், கேமராவைக் குறை சொல்வது சரியன்று. வழக்கமான கணக்கில் ஒளிர்வுக்குச் சிவப்பு 0.299, பச்சை 0.587, நீலம் 0.114 என்ற பங்கில் சேர்கின்றன. எனவே அடர்ந்த பச்சையும் பளிச்சிடும் சிவப்பும் ஒரே சாம்பலில் வந்து முடிவது இயல்பு. சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். வ்யூஃபைண்டரில் கறுப்பு வெள்ளை தெரியும், ரா கோப்பில் நிறம் அப்படியே இருக்கும். பிறகு கணினியில் பச்சையைக் கூட்டிச் சிவப்பைக் குறைத்தால் கரை பிரிந்து வரும். நீலத்தை மட்டும் அளவுக்கு மீறி இறக்காதீர்கள். வானத்தில் புள்ளிகளும் பட்டைகளும் எழும். லென்ஸின் மேல் சிவப்புக் கண்ணாடியை மாட்டுவதும் சாதாரணக் கேமராவில் பயன் தராது. 1976-இல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற, சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிற வடிகட்டி வைக்கும் அமைப்பில் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மற்றவை ஒளியின்றி ஏறக்குறையப் பட்டினி கிடக்கும். நிற வடிகட்டியே இல்லாத சென்சார்களுக்குத்தான், அதாவது 2012-இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம், 2023-இல் வந்த பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் போன்றவற்றுக்குத்தான், அந்தக் கண்ணாடி பொருந்தும்.

என் அனுபவம் சிறியது. நண்பரின் லைக்கா மோனோக்ரோமை இரவல் வாங்கி, திருவையாற்றில் காவிரிப் படித்துறையில் நின்ற ஒருவரை எடுத்தேன். அத்தகைய சென்சாரில் வெள்ளை எரிந்துவிட்டால் மீட்க வேறு நிறத் தடம் இல்லை. ஆகவே வேட்டி மடிப்பைக் காக்க வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தேன். திரையில் படிகள் வெறும் இருட்டாகத் தெரிந்தன. வீட்டில் நிழலை உயர்த்தியபோது ஈரக் கல்லில் இருந்த உளித் தடங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அந்த நிமிடத்துக்காகவே இப்போது அந்தக் கேமராவுக்குப் பணம் சேர்க்கிறேன்.

கடலோரன்:
படித்துறை, தறிநிழல் ஆலோசனை கேட்கவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் வீட்டுக்கு வந்த பின் நடப்பது. எதிரில் நிற்பவர் பார்ப்பதோ அந்தத் திரையை மட்டும்தான். அவரிடம் ரா கோப்பைப் பற்றிப் பேச முடியாது. மாமல்லபுரத்துக்குப் பிறகு, ஆட்களை எடுக்கும்போது நான் சிவப்பு ஃபில்டரை வைப்பதில்லை. பச்சையை வைத்தால் பொட்டு கறுப்பாக, தெளிவாக நிற்கிறது. தோல் சற்றுக் கருக்கும். அதற்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும்.