மெமரி கிளாக்கைக் கூட்டினால் ஸ்கோர் குறைகிறதே, ஏன்?

நீலத்திரை:
கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. கிளாக்கை (வேகத்தை) மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள்ல கோர் (கார்டின் முக்கிய சிப்) +120 மெகாஹெர்ட்ஸ், மெமரி +1000, பவர் லிமிட் (மின்சார உச்சவரம்பு) முழுசா ஏத்தியாச்சு. பெஞ்ச்மார்க் விழாம ஓடுது, ஆனா மெமரி +500ல வந்ததை விட ஸ்கோர் கம்மி. கேம் மட்டும் 20 நிமிஷத்துல டெஸ்க்டாப்புக்கு வந்துடுது. வெப்பம் 70 டிகிரியைத் தாண்டலை. எதைக் குறைக்கணும்?

வெப்பமானி:
இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு.

மெமரியில் இருந்து தொடங்குவோம். உங்கள் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி, பிழை வந்தால் அதே தகவலை மறுபடி அனுப்பும். அதனால் திரையில் புள்ளியோ கோடோ தெரியாது. திரும்ப அனுப்பும் வேலையில் வேகம்தான் போகும். "விழவில்லை, அதனால் சரி" என்ற கணக்கு இங்கே செல்லாது. +400ல் தொடங்கி 100 100ஆகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே சோதனையை மூன்று முறை ஓட்டி ஸ்கோரைக் குறியுங்கள். ஸ்கோர் இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து 200 கழித்து நிறுத்துங்கள்.

நீங்கள் பார்த்த 70 டிகிரி கோரின் வெப்பம். எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'மெமரி ஜங்ஷன்' (மெமரி சிப்பின் உள்வெப்பம்) வரியைப் பாருங்கள். 110ஐத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 100க்குள் இருப்பது நல்லது.

கேம் விழுவது பெரும்பாலும் கோரால். கனமான பெஞ்ச்மார்க்கில் கார்டு பவர் லிமிட்டில் முட்டி நிற்பதால் கிளாக் மேலே போவதில்லை. கேமில் சுமை குறைந்த காட்சி வந்ததும் எந்த வோல்டேஜில் எந்த கிளாக் என்று சொல்லும் வளைவின் உச்சிக்குத் தாவுகிறது. +120 அந்த உச்சியையும் சேர்த்தே தூக்கிவிட்டது. ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் 'பெர்ஃப்கேப் ரீசன்' (வேகத்தைத் தடுப்பது எது என்ற வரி) பாருங்கள்: பெஞ்ச்மார்க்கில் 'பவர்', கேமில் 'வி-ரெல்' (வோல்டேஜ் வரம்பு) என்று வந்தால் இதுதான் காரணம்.

ஸ்லைடரை விடுங்கள். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல் + எஃப் அழுத்தி வளைவைத் திறந்து, முதலில் கோரை −250க்கு இறக்கி அப்ளை செய்யுங்கள். பிறகு 875 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1860 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி மறுபடி அப்ளை. அதற்கு வலப்பக்கம் தட்டையாகிவிடும். சூடேறும்போது கிளாக் 15, 15 மெகாஹெர்ட்ஸாக இறங்கும். அது கோளாறு இல்லை.

ஒற்றைமின்விசிறி:
மேலே சொன்னது சரி. விழுந்தது கேமா டிரைவரா என்று விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரிலும் பார்த்துவிடுங்கள். 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 எண் பதிவு இருந்தால் டிரைவர் பதில் தராமல் மீண்டிருக்கிறது. அப்படி மீண்டபின் கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல் எடுக்கும் எந்த அளவையும் நம்பாதீர்கள்.

கிளாக்கை மாற்றும் மென்பொருள் ஒன்றே ஓடட்டும். மற்றவை படிக்க மட்டும். கண்காணிப்பு இடைவெளி 1000 மில்லிசெகண்ட் போதும். 100 வைத்துவிட்டு கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று கேட்பவர்கள் ஏராளம்! விண்டோஸ் தொடங்கும்போதே அப்ளை ஆகும் பொத்தானை, சோதனை முடியும்வரை தொடாதீர்கள்.

நீலத்திரை:
கேம் மெனுவில் 'வி-ரெல்' தான் வருது. மெமரி +800ல ஸ்கோர் இறங்குது, ஜங்ஷன் 96. மெமரியை +600ல விட்டாச்சு. 875ல் 1860 நிற்கலைன்னா?

வெப்பமானி:
கிளாக்கை 1845 ஆக்குங்கள், அல்லது அதே 1860ஐ இரண்டு புள்ளி தள்ளி 887ல் வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.