பேங்க் மெசேஜ்ல 'இன்ஃபோ:'னு வருதே, அதுக்கு அப்புறம் இருக்கிற எழுத்தெல்லாம் என்ன?

திருமங்கலம்_வாசகன்:
அப்பா கணக்கு உசிலம்பட்டி கிளையில இருக்கு. பணம் கழியும்போது வர்ற மெசேஜ்ல தொகைக்குப் பின்னாடி 'இன்ஃபோ:'னு போட்டு ஏதோ சுருக்கெழுத்து வருது. மே கடைசியில 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருக்கு. ஜூன் 5 அன்னைக்கு 'ஏசிஹெச் டி'னு ஒரு தொகை. ஓடிபி யாருக்கும் சொல்லல. யாராவது ஏமாத்துறாங்களா?

கணக்குப்பிள்ளை:
ஏமாத்து வேலையாத் தெரியல. இன்ஃபர்மேஷன்ங்கிறதோட சுருக்கம்தான் இன்ஃபோ. பாஸ்புக்ல 'விவரம்' கட்டத்துல அச்சாகிறதும் இதுவும் ஒண்ணுதான், அதனால பாஸ்புக்கைப் பதிஞ்சு ரெண்டையும் ஒப்பிடுங்க.

436 ரூபாய் மத்திய அரசோட ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் அதே மாதிரி சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ரெண்டுக்கும் வருஷம் ஜூன் 1 தொடங்கி மே 31 வரை, அதனாலதான் மே கடைசியில எடுக்கிறாங்க. ஜீவன் ஜோதியில சேர 18 முதல் 50 வயசு, பாதுகாப்பு 55 வரைக்கும்தான். சுரக்ஷா 70 வரை. இன்னொரு பேங்க்லயும் இதே 436 போகுதான்னு கட்டாயம் பாருங்க. ரெண்டு இடத்துல கட்டினாலும் கிடைக்கிறது ஒரே 2 லட்சம்தான்.

மேலூர்_நண்பர்:
ஏசிஹெச் டி-ன்னா நீங்க முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிப்படி பணம் கழியுதுன்னு அர்த்தம். கடன் தவணை, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இப்படித்தான் போகும். கடைசியில 'டி'க்குப் பதிலா 'சி' இருந்தா வரவு, பங்கு டிவிடெண்ட் மாதிரி. கேஸ் மானியம் ஏபிபிஎஸ்னு வரும், அதாவது ஆதார் வழியாப் பணம் போடுற முறை. ஆதார் கடைசியா எந்தக் கணக்கோட இணைஞ்சிருக்கோ அங்கதான் அது விழும். 'மானியம் வரலை'ங்கிற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

தவணைக்கு முதல் நாள் சாயங்காலமே கணக்குல பணம் வச்சிருங்க. காலையில எடுக்க வந்து இல்லைன்னா பேங்க் ஒரு அபராதம், கடன் கொடுத்தவங்க ஒரு அபராதம், பேங்க் அபராதத்துக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அனுமதியை ரத்து பண்ணணும்னா அதோட 20 எழுத்து யுஎம்ஆர்என் நம்பரைக் குறிச்சு கிளையில எழுதிக் கொடுங்க. ரத்து பண்ணிட்டா கடன் தீர்ந்துடாது, கையில கட்டணும்.

திருமங்கலம்_வாசகன்:
ஏசிஹெச் டி டிராக்டர் கடன் தவணைதான், தொகை சரியா இருக்கு. நன்றிண்ணே. ஆனா அப்பாவுக்கு 57 வயசு. 436 ஏன் போகுது?

கணக்குப்பிள்ளை:
அப்படின்னா விடக்கூடாது தம்பி. 55க்கு மேல அந்தக் காப்பீடு செல்லாது, பணம்தான் வீணாகும். பேங்க் பதிவுல பிறந்த தேதி தப்பா ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க. ஆதார், பாஸ்புக் எடுத்துட்டுப் போய் கிளையில தேதியைத் திருத்தி, தானியங்கிக் கழிவை நிறுத்தச் சொல்லி, 436ஐத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுங்க. நகல்ல முத்திரை வாங்காம வராதீங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரத்துக்கு 14448.

வைகைக்கரை:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். யுபிஐ-ன்னு போட்டு வர்ற 12 இலக்க நம்பரை அழிச்சிடாதீங்க, புகாருக்கு அதுதான் ஆதாரம். ஆளுக்கு ஆள் அனுப்பின பணம் கழிஞ்சும் போய்ச் சேரலைன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும். கடைக்கு அனுப்பினதும் ஏடிஎம்ல வராததும் 5 நாளுக்குள்ள. தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் பேங்க் தரணும்.

10 இலக்க மொபைல் நம்பர்ல இருந்து 'இன்ஃபோ'னு வந்து லிங்க் இருந்தா தொடாதீங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930, கூடவே 3 வேலை நாளுக்குள்ள பேங்குக்கும் சொல்லிடணும்.