கில் -9 கொடுத்தும் போகாத ஆர்சிங்க்: சிபியு சும்மா இருக்க, லோடு ஆவரேஜ் மட்டும் ஏறுவது ஏன்?

கேள்வி

அச்சகத்துக் கணினியில் உபுண்டு 22.04 ஓடுகிறது. முடிந்த பக்கங்களை யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க, மணிக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) மூலம் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கட்டளை) ஓடும்படி வைத்திருக்கிறேன். இன்று காலை டாப் கட்டளையில் பார்த்தால் லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 6-ஐத் தாண்டி நிற்கிறது. சிபியுவோ 97 சதவீதம் வேலையின்றி இருக்கிறது. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியல் முழுக்க ஆர்சிங்க். முதலில் வெறும் கில் (நிரலை நிறுத்தச் சொல்வது), பிறகு சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) கில் -9 (கட்டாயமாக நிறுத்துவது) கொடுத்தேன். பாதிக்கு மேல் மறைந்துவிட்டன; ஐந்து மட்டும் அசையவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. இந்த டிஸ்க்கில் உள்ள பழைய இதழ்களுக்கு வேறு நகல் கிடையாது என்பதால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1

ரீபூட் செய்துவிடுங்கள். எல்லாம் போய்விடும்.

பதில் 2

தயவுசெய்து இப்போதைக்கு ரீபூட் வேண்டாம். டிஸ்க்கே பதில் சொல்லாமல் நின்றால், அணைக்கும்போது அன்மவுண்ட் செய்யும் (டிஸ்க்கைக் கணினியிலிருந்து முறையாக விடுவிக்கும்) இடத்தில் கணினியும் சேர்ந்து தொங்கக்கூடும். பிறகு மின்சாரத்தைத் துண்டிப்பதைத் தவிர வழியிருக்காது. பழைய இதழ்கள் இருக்கும் டிஸ்க்குக்கு அந்த ஆபத்து எதற்கு?

முதலில் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்:

பிஎஸ் -ஈஓ பிஐடி,பிபிஐடி,ஸ்டாட்,டபிள்யூசான்,சிஎம்டி

ஸ்டாட் பத்தியில் என்ன எழுத்து இருக்கிறது? பிபிஐடி பத்தியில் தாய் ப்ராசஸின் எண் இருக்கும், அதையும் பாருங்கள். கூடவே, கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையின் கடைசி வரிகளையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐந்துக்கும் ஸ்டாட் பத்தியில் டி என்று இருக்கிறது. பிபிஐடி எல்லாவற்றுக்கும் 1. டிமெசெக்கில் யுஎஸ்பி ரீசெட் என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில், ஆர்சிங்க் 120 விநாடிக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்றும் ஒரு செய்தி.

பதில் 2

விஷயம் தெளிவாகிவிட்டது. டி என்றால், டிஸ்க்கின் பதிலுக்காகக் கெர்னலுக்குள்ளேயே காத்திருக்கும் உறக்கம். அந்த உறக்கத்தைச் சிக்னலால் (கில் அனுப்பும் அறிவிப்பு) கலைக்க முடியாது. நீங்கள் அனுப்பிய 9-ஆம் சிக்னல் தொலைந்துபோகவில்லை, வாசலில் காத்திருக்கிறது. நேரில் பார்க்க விரும்பினால், ஐந்தில் ஒன்றின் எண்ணை எடுத்து, ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குள் இருக்கும் ஸ்டாட்டஸ் கோப்பைத் திறங்கள். நிலுவையில் உள்ள சிக்னல்களைக் காட்டும் சிக்பென்ட், ஷட்பென்ட் வரிகள் 100 என்று முடியும். அது பதினாறடிமான எண். ஒன்பதாவது பிட் அதில் எழுந்து நிற்கிறது. ப்ராசஸ் கெர்னலை விட்டு வெளியே வரும் கணத்தில் அந்த 9 அதை முடித்துவிடும்.

லோடு ஆவரேஜுக்கும் இதுவே காரணம். லினக்ஸ் அந்த எண்ணில் சிபியுவுக்குக் காத்திருப்பவற்றோடு டி நிலையில் இருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரே கணினிக்குள் ஓடும் ஆர்சிங்க் மூன்று ப்ராசஸாகப் பிரிந்து வேலை செய்யும். சாதாரண உறக்கத்தில் இருந்தவை கில்லுக்குப் பணிந்துவிட்டன. டிஸ்க்கைத் தொட்டவை மட்டும் தாய் ப்ராசஸை இழந்து, பிஐடி 1-இன் (கணினி தொடங்கியதும் முதலில் ஓடும் ப்ராசஸ்) பொறுப்பில் நிற்கின்றன.

இனி டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்குங்கள். வேறு வழி எதுவும் எனக்கு நம்பிக்கை தரவில்லை. சாதனம் போய்விட்டால் நிலுவையில் உள்ள எழுத்து வேலைகளைக் கெர்னல் பிழையோடு திருப்பிவிடும். ப்ராசஸ்களும் விழித்து முடிந்துவிடும். பழைய மவுண்ட்டை அன்மவுண்ட் செய்த பிறகே டிஸ்க்கை மீண்டும் செருகுங்கள். மின்சாரம் போதாமல் இருப்பதும் ரீசெட்டுக்கு வழக்கமான காரணம்: யுஎஸ்பி 2.0 முனை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 தருவது 900. ஹப் வேண்டாம், கணினியின் பின்பக்க முனையில் நேராகச் செருகுங்கள், கேபிளையும் மாற்றுங்கள்.

டிஸ்க் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு அமைப்பு) என்றால் எஃப்எஸ்சிகே (அதைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்ட அவசரப்படாதீர்கள். ஆர்ஓ (படிக்க மட்டும்), நோலோட் (ஜர்னல் எனும் மாற்றப் பதிவேட்டை ஏற்றாமல்) விருப்பங்களோடு மவுண்ட் செய்து, பழைய இதழ்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்த பின் சோதியுங்கள்.

பதில் 3

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இசட் நிலையில் சில நிற்கின்றன, கில் -9 கேட்பதில்லை. அதுவும் இதேதானா?

பதில் 2

இல்லை. இசட் ஏற்கெனவே முடிந்துவிட்ட ப்ராசஸ். பட்டியலில் அதன் பதிவு மட்டும் இருக்கிறது. தாய் ப்ராசஸ் முடிவு விவரத்தை வாங்கிக்கொள்ளாததே காரணம். பிபிஐடியைப் பார்த்து அந்தத் தாயைச் சரிசெய்யுங்கள், அல்லது நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

கேபிளை எடுத்த சில நொடிகளில் ஐந்தும் போய்விட்டன. லோடு மெல்ல இறங்குகிறது. புதுக் கேபிளில், பின்பக்க முனையில் டிஸ்க் படிக்கிறது; இதழ்கள் வேறு டிஸ்க்குக்கு நகலாகிக்கொண்டிருக்கின்றன. மிக்க நன்றி, ஐயா. இப்படி மணிக்கு ஒன்றாகக் குவியாமல் தடுக்க முடியுமா?

பதில் 2

கிரான் வரியில் ஆர்சிங்குக்கு முன்னால் ஃப்ளாக் -என் சேர்த்து, ஒரு பூட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். முந்தையது டி நிலையில் சிக்கியிருந்தாலும் பூட்டு அதன் கையில்தான் இருக்கும். அடுத்த மணிக்கு வருவது பூட்டைப் பார்த்ததும் ஓடாமல் விலகிவிடும். விலகும்போது உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும்படியும் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பேக்கப் நின்றுபோனதே தெரியாது.