டிஸ்க் இமேஜ்: படமா, படியா, படிமமா, வட்டுக்கோப்பா?

இழையைத் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை:

குழும அன்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழியில் கணினியியல் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸைத் தம் மடிக்கணினியில் நிறுவி, அதனுள் லினக்ஸை ஏற்றி, இடையில் எழும் சிக்கல்களை ஆசிரியரைத் தேடி ஓடாமல் தாமே தீர்த்துக்கொள்ள உதவும் நாற்பது பக்கக் கையேடு அது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றச் சொற்களெல்லாம் ஏதோ ஒரு வகையில் அடங்கிவிட்டன; ஒரு வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக வைத்திருக்கும் ‘டிஸ்க் இமேஜ்’ மட்டும் அடங்க மறுக்கிறது.

சென்ற ஆண்டுப் பதிப்பில் அது ‘வட்டுப் படம்’ என்று இருந்தது. கணினியில் இடம் போதாமல் திண்டாடிய மாணவர் ஒருவர், 22 ஜிபி அளவுக்கு ஒரு படம் நமக்கு எதற்கு என்று அதை நீக்கிவிட்டார். அவருடைய ஆய்வகப் பயிற்சிகள் அனைத்தும் அதற்குள்தான் இருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘படம்’ என்று எழுதியவர்கள் நாம்.

நான் மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியங்களில் மூன்றை மட்டும் தருகிறேன். ‘இமேஜைப் பெரிதாக்கினாலும் அதற்குள் இருக்கும் பிரிவு தானாகப் பெரிதாகாது.’ ‘இமேஜை நகலெடுத்து அப்படியே இணைத்தால், அதே அடையாள எண்ணுடைய வட்டு ஏற்கெனவே இருப்பதாகப் பிழை காட்டும்.’ ‘இமேஜுக்குள் கோப்புகளை அழித்தாலும் இமேஜ் சுருங்காது.’ எந்தச் சொல்லைப் பரிந்துரைத்தாலும் இம்மூன்றிலும் பொருத்திப் பார்த்துவிட்டு அனுப்புமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர், திங்கள் பிற்பகல்:

அன்புடையீர், இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லை என்று எண்ணுவது வியப்பாக இருக்கிறது. கல்வெட்டுத் துறையில் நாங்கள் காலமெல்லாம் செய்துவந்தது இதைத்தானே! கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும் வரை தூரிகையால் அடித்து, பிறகு மையை ஒற்றி எடுத்தால் கிடைப்பது மைப்படி. அதில் எழுத்து மட்டும் வருவதில்லை; கல்லின் வெடிப்பும், சிதைவும், எழுத்தே இல்லாத வெற்றிடமும் இருந்தது இருந்தபடியே வந்துவிடும். கல்லே அழிந்துபோன பின்னும் மைப்படியைக் கொண்டு பாடம் கண்ட கல்வெட்டுகள் உண்டு.

நெகிழ்வட்டுக் காலத்தில் டிஸ்க் இமேஜ் எடுத்ததும் இப்படித்தான் என்று என் மகன் விளக்கினான். 1.44 எம்பி நெகிழ்வட்டில் ஒரு கடிதம்தான் இருந்தாலும், இமேஜாக எடுத்தால் 512 பைட்டுக் கூறுகள் 2,880-உம் வரிசையாக வந்து, கோப்பு 14,74,560 பைட்டு இருக்குமாம். எழுதாத இடத்தையும் சேர்த்து எடுப்பதே படி. எனவே ‘வட்டுப்படி’ என்பதே தக்க சொல். ஏட்டுச்சுவடிகளையும் நம் முன்னோர் படியெடுத்தே காத்தார்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

சொல்லாய்வில் ஈடுபாடுடைய உறுப்பினர், திங்கள் இரவு:

ஐயா அவர்களின் மைப்படி உவமை மனத்துக்கு நிறைவளிக்கிறது. ஆயினும் ‘படி’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே சுமை மிகுதி: மாடிப்படி, நாழிப்படி, பயணப்படி, ‘படி’ என்னும் ஏவல். மொழிபெயர்ப்பாளரின் இரண்டாம் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘வட்டுப்படியைப் படியெடுத்தால்’ என்று வரும். மாணவன் அந்தப் படியிலேயே தடுக்கி விழுவான்.

‘படிமம்’ என்பதே பொருந்தும். தமிழ் விக்கிப்பீடியாவில் கோப்புப் பெயர்வெளிக்கு அச்சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. இது பிராகிருதத்தின் ‘படிமா’, அதற்கு மூலம் வடமொழியின் ‘பிரதிமா’ என்று உடனே சிலர் எழுந்து வருவார்கள் என்பதை அறிவேன். தொல்காப்பியப் பாயிரத்தில் ‘பல்புகழ் நிறுத்த படிமையோனே’ என்று வரும் படிமையைச் சமணர் தவநிலையோடு பொருத்தி, தொல்காப்பியரே சமணர் என்று வையாபுரிப் பிள்ளை வாதிட்டதையும் அறிவேன். ஆனால் படிதல் என்ற வினை தமிழில் எத்தனை ஆழமாக வேர் விட்டிருக்கிறது! தூசு படிகிறது, வண்டல் படிகிறது, படிந்ததன் வடிவம் படிவம், மனத்தில் படிவது படிப்பு என்றுகூட விரித்துச் செல்ல முடியும். இத்தனை கிளைகளை ஈன்ற வேரை அயல்மொழிக்குத் தாரை வார்க்க நான் அணியமாக இல்லை. (படிகம் இதனோடு சேருமா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன், அங்கே ‘ஸ்படிகம்’ குறுக்கே நிற்கிறது.)

பள்ளி இயற்பியல் ஆசிரியை, செவ்வாய் காலை:

வேர் எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கவலையில்லை. அது எந்தப் பொருளில் மாணவர் மனத்தில் இறங்கியிருக்கிறது என்பதுதான் கவலை. எங்கள் பாடநூலில் சமதள ஆடியில் தெரிவது மாய பிம்பம், திரையில் வீழ்த்த முடிவது மெய் பிம்பம். ஆங்கிலத்தில் அங்கே வரும் ‘விர்ச்சுவல்’, ‘இமேஜ்’ ஆகிய அதே இரு சொற்கள்தாம் இங்கே ‘விர்ச்சுவல் டிஸ்க் இமேஜ்’ என்று வருகின்றன. அங்கே ‘மாய’, இங்கே ‘மெய்நிகர்’. அங்கே ‘பிம்பம்’, இங்கே ‘படிமம்’. பத்தாம் வகுப்பில் ஒன்றைக் கற்ற பிள்ளைக்குக் கல்லூரியில் ஏன் வேறொன்று என்று யாரேனும் விளக்குவீர்களா? ‘படிமம்’ என்றால் தமிழாசிரியர் கவிதைக்குப் போய்விடுவார், அருங்காட்சியகத்தார் செப்புத் திருமேனிக்குப் போய்விடுவார் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர், செவ்வாய் பகல்:

எங்கள் பாடநூல்களில் அது ‘விம்பம்’. மாய விம்பம், மெய் விம்பம். ‘வடவெழுத்து ஒரீஇ’ என்ற விதியின் உள்ளக்கிடக்கைக்குப் பிம்பத்தைவிட விம்பமே நெருக்கமானது என்பது என் தாழ்மையான கருத்து. ‘பிம்பம்’ என்று எழுதிவிட்டு முதலெழுத்தை அதிர்வொலியோடு வாசிக்கச் சொல்வது இரண்டுங்கெட்ட நிலை. தமிழ்நாட்டுக் கையேடு என்பதற்காக எங்கள் மாணவர் அதைப் படிக்காமல் விடப்போவதில்லை; இணையத்தில் வந்தால் இரு கரைக்கும் பொதுதானே. ஆகவே ‘வட்டு விம்பம்’ என்பதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

கல்லூரி ஆய்வகக் கணினிகளைப் பராமரிப்பவர், செவ்வாய் இரவு:

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் இலக்கணம் அறிந்தவன் அல்லன்; இந்தக் கோப்புகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவன். படி, படிமம், பிம்பம், விம்பம் ஆகிய நான்குக்கும் ஒரே குறை இருப்பதாக எனக்குப் படுகிறது: எதிரே ஒரு மூலம் இருந்தால்தான் அவை உண்டாகும். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய எந்திரம் ஒன்றை உருவாக்கி, 25 ஜிபி வட்டு வேண்டும் என்று கேட்டால், அது சில எம்பி அளவில் ஒரு வி.டி.ஐ. கோப்பை உண்டாக்குகிறது. அது எந்த வட்டின் படி? எந்த வட்டின் பிம்பம்? அப்படி ஒரு வட்டு எங்கும் இருந்ததில்லை. உள்ளே எழுத எழுதத்தான் கோப்பு வளர்கிறது. மைப்படி எடுத்த பிறகு வளருமா ஐயா?

ஆங்கிலத்தில் பெயரிட்டவர்களே இதில் ஒன்றுபடவில்லை. 2007இல் விர்ச்சுவல்பாக்ஸை வெளியிட்ட ஜெர்மானிய நிறுவனமான இன்னோடெக்கின் வடிவம் வி.டி.ஐ.; அதன் விரிவில் ‘இமேஜ்’ இருக்கிறது. வி.எம்.வேரின் வி.எம்.டி.கே.யில் ‘டிஸ்க்’ மட்டுமே. கனெக்டிக்ஸிடமிருந்து 2003இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய தொழில்நுட்பத்தோடு வந்த வி.எச்.டி.யில் ‘ஹார்டு டிஸ்க்’. மூன்றில் ஒன்றில் மட்டும் உள்ள சொல்லுக்காக நாம் இரண்டு நாள் செலவழித்துவிட்டோம்.

என்னிடம் வரும் முறையீடுகளைச் சொல்கிறேன். பென்டிரைவில் வி.டி.ஐ. ஏறவில்லை என்பார்கள், பார்த்தால் பென்டிரைவ் எஃப்.ஏ.டி.32 வடிவில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பு ஏறாது. ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, அதாவது எந்திரத்தின் அப்போதைய நிலையைச் சேமித்துவிட்டு, பழைய வி.டி.ஐ.யை மட்டும் வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோவார்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து மாற்றங்களெல்லாம் வேறொரு கோப்பில்தான் எழுதப்படுகின்றன என்பதை அறியாமல், மூன்று வார வேலையைக் காணவில்லை என்று வந்து நிற்பார்கள். 64 பிட்டு இயங்குதளம் பட்டியலிலேயே இல்லை என்பார்கள். பெரும்பாலும் பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைந்து கிடக்கும். எல்லாம் சரியாக இருந்தும் எந்திரம் நகர மறுத்தால், சாளரத்தின் அடியில் பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி உள்ளே புகுந்துகொண்டதற்கு அது அடையாளம். ஆமை புகுந்த வீடு என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

இவற்றில் முதல் இரண்டும், தன் வட்டு என்பது வெறும் ஒரு கோப்பு, அல்லது சில கோப்புகளின் தொடர், என்று மாணவனுக்கு விளங்காததால் வருபவை. எனவே ‘வட்டுக்கோப்பு’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தமிழ்ப் பேராசிரியை, புதன் காலை:

ஆய்வக நண்பர் தமக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இந்த இழையின் சிறந்த இலக்கணச் சிக்கலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ‘வட்டு’ வன்றொடர்க் குற்றியலுகரம் ஆதலால் வலி மிகுந்து ‘வட்டுக்கோப்பு’ என்றாவதில் ஐயமில்லை. விரிப்பதில்தான் தகராறு. ‘வீட்டுப்பூனை’ போல ஏழாம் வேற்றுமையாக விரித்தால் வட்டில் உள்ள கோப்பு என்றாகும். அப்படிப் பார்த்தால் என் கணினியில் உள்ள மளிகைப் பட்டியலும் வட்டுக்கோப்புதான். ‘சாரைப்பாம்பு’ போல இருபெயரொட்டாக விரித்தால் வட்டாகிய கோப்பு. நண்பர் கருதுவது இரண்டாவதை. வாசகன் முதலில் எடுத்துக்கொள்ளப்போவது முன்னதை.

அப்படியானால் கோப்பாகிய வட்டு, அதாவது ‘கோப்புவட்டு’ என்று திருப்பிப் போடலாமா என்று இரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒன்று பிடிபட்டது. இருபெயரொட்டில் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும். இந்தப் பொருளுக்குப் பொதுப்பெயர் எது? வெளியே நிற்கும் விண்டோஸுக்கு அது கோப்பு. நகலெடுக்கலாம், நீக்கலாம், பென்டிரைவில் ஏற்றலாம். உள்ளே நிற்கும் லினக்ஸுக்கு அது வட்டு. பிரிக்கலாம், வடிவமைக்கலாம், அதிலிருந்து தொடங்கலாம். நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறும் பொருளுக்கு ஒற்றைச் சொல் தேடியதே நம் தவறோ என்று தோன்றுகிறது. மொழிபெயர்ப்பாளரின் மூன்றாம் வாக்கியத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மெய்நிகர் வட்டில் உள்ளவற்றை அழித்தாலும் வட்டுக்கோப்பு சுருங்காது.’ எது உள்ளே, எது வெளியே என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில்கூட இந்தத் தெளிவு இல்லை.

சொல்லாய்வில் ஈடுபாடுடைய உறுப்பினர், புதன் பிற்பகல்:

பேராசிரியை அவர்களின் பகுப்பு நேர்த்தியானது, மறுக்க இயலவில்லை. ஆனால் ‘மெய்நிகர்’ என்பதை எல்லோரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதைக் கண்டு வருந்துகிறேன். ‘மெய்’ என்பது உடலா, உண்மையா, புள்ளி எழுத்தா? ‘நிகர்நிலை’ என்று மாற்றலாம் என்றால் அதைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

இயற்பியல் ஆசிரியை, புதன் பிற்பகல்:

ஐயா, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு:

அனைவருக்கும் நன்றி. உள்ளிருந்து பார்க்கும் இடங்களில் ‘மெய்நிகர் வட்டு’ என்றும், வெளியிலிருந்து கையாளும் இடங்களில் ‘வட்டுக்கோப்பு’ என்றும் எழுதியிருக்கிறேன். லினக்ஸை நிறுவுவதற்காக இறக்கிக்கொள்ளும் ஐ.எஸ்.ஓ. கோப்புக்கு ‘வட்டுப்படிமம்’ என்று வைத்துக்கொண்டேன். குறுந்தகட்டை அப்படியே எடுத்த வடிவம் ஆகையால், மூலம் இல்லை என்ற குறை அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று ஆய்வக நண்பர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். அவருடைய மாணவர் இருவரிடம் புதிய பக்கங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒருவர், மெய்நிகர் வட்டைப் பெரிதாக்கிய பின் உள்ளே பிரிவையும் பெரிதாக்க வேண்டும் என்பதைக் கேட்காமலே செய்தார். மற்றவரும் செய்து முடித்தார். ஆனால் முடியும் வரை ‘வி.டி.ஐ.’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர், வெள்ளி காலை:

முடிவை மதிக்கிறேன், உடன்படவில்லை. எங்கள் மாணவர்களுக்குக் கொடுக்கும்போது ‘வட்டுப்படிமம்’ வரும் இடங்களில் எல்லாம் ‘வட்டு விம்பம்’ என்று மாற்றிக்கொள்ள இசைவு வேண்டுகிறேன்.

கல்வெட்டாய்வாளர், வெள்ளி காலை:

மைப்படி வளராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐ.எஸ்.ஓ. கோப்பும் வளராதே! அங்கேயாவது ‘படி’ என்று இருந்திருக்கலாம். அருஞ்சொற்பட்டியலில் ஒரு மாற்றுச் சொல்லாகவேனும் இடம் கிடைக்குமா?

மொழிபெயர்ப்பாளர், வெள்ளி மாலை:

பட்டியலில் ‘வட்டுப்படிமம்’ என்பதற்கு நேராக ‘வட்டுப்படி, வட்டு விம்பம்’ என்று இரண்டையும் சேர்த்துவிட்டேன் ஐயா. அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூடி, கடைசிச் சொல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அச்சகத்தார் ஐந்தரை மணிக்குக் கோப்பைப் பெற்றுக்கொண்டார்கள்.