அம்மா இனிஷியலுக்கு மாற வழி சொல்லுங்கள்

நட்புகளே, ஒரு சந்தேகம். கல்யாணமான புதிதில் யாரோ சொன்னார்கள் என்று ஆதாரில் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைச் சேர்த்தேன். போன வருடம் விவாகரத்து ஆகிவிட்டது. இப்போதும் கூரியர்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால், வேறு யாரையோ தேடுகிறார் என்று ஒரு நொடி அப்படியே நிற்கிறேன்.

அப்பா இனிஷியலுக்குத் திரும்பவும் மனமில்லை. இட்லி அவித்து விற்று என்னை வளர்த்தது அம்மா. அவர் எழுத்துதான் வேண்டும். (சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சரி, சிரிக்கட்டும்.)

ஆதாரில் பெயரை 2 முறைதான் மாற்றலாம், ஒன்று போய்விட்டது. அதனால் முதலில் அரசிதழில் வெளியிட்டுவிட்டு அப்புறம் மற்றதைத் தொடலாமா? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பழைய இனிஷியலே இருந்தால் பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வருமா? இதைச் செய்து முடித்தவர்கள் எந்த வரிசையில் போனீர்கள் என்று சொல்லுங்கள்.